மூன்று முழுசு, ஐந்தில் இரண்டு

சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் கள்ளிக்குப்பம் கிரில் பட்டறையில் தேவராஜை யாரும் வேலை வாங்க முடியாது. பாதி அறுத்த கம்பி அறுத்தபடியே கிடக்கும். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாசலில் அடுக்கியிருக்கும் சதுரப் பைப்புகள்மேல் போய் உட்கார்ந்துகொள்வான். செல்போனை மடியில் வைத்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"இன்னா தேவா, வாத்தியார் வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்று பட்டறை முதலாளி கோவிந்தராஜ் உள்ளே இருந்து குரல் கொடுப்பார். "எட்டாங் கிளாசுல கணக்குல கோட்டை உட்டவன்லாம் வாத்தியாராய்ட்டா, புள்ளைங்க எங்கடா பாஸ் பண்ணும்?"

"சும்மாரு அண்ணாத்தே. போன் வர நேரம்."

வரும். மாங்காட்டில் இருந்து வரும். திரையில் 'சித்ரா' என்று மனைவியின் பெயர் மின்னும். ஆனால் பேசப்போவது சித்ரா அல்ல என்பது அவனுக்குத் தெரியும். அவள் அவனோடு பேசியே நாளாகிவிட்டது. பச்சைப் பொத்தானைத் தொட்டதும் "நைனா" என்று ஒரு குரல் கேட்கும் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தேவராஜ் காலையில் எழுந்தான், குளித்தான், இரும்பைத் தூக்கினான், நெருப்பைப் பார்த்தான். மகள் தீபிகா. ஆறாம் வகுப்பு.

பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கும் அப்பனும் மகளும் செல்போனில் பேசிக்கொள்ள வேண்டிய நிலைமை எப்படி வந்தது? பெரிய குற்றம் எதுவும் நடக்கவில்லை. தேவராஜ் குடிப்பவன் இல்லை, கை நீட்டுபவன் இல்லை. அவனிடம் இருந்தது ஒன்றுதான். வறட்டுப் பிடிவாதம்.

கள்ளிக்குப்பத்தில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குள் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, கட்டில்மேல் அவளைக் கிடத்திவிட்டு, சித்ரா தண்ணீருக்குள் நின்றபடி அழுதாள். அவளுடைய தம்பி லட்சுமணன் அப்போதுதான் மாங்காட்டில் மாடி எடுத்து முடித்திருந்தான்.

"மாடியில வந்து இருங்கன்னு தம்பி கெஞ்சறான்யா. போய்டலாம். புள்ளையப் பாரு."

"மச்சினன் ஊட்டு மாடியில போய் குந்தினவன்னு நாலு பேரு சொல்றதுக்கா? நான் வரமாட்டேன்."

"அப்ப நாங்க போறோம்."

"போ. தண்ணி வடிஞ்சா தானா வருவே."

தண்ணீர் வடிந்தது. அவள் வரவில்லை. 'அவரே வந்து கூப்பிடட்டும்' என்று அவள் அங்கே இருந்தாள். 'போனவளே திரும்பி வரட்டும்' என்று அவன் இங்கே இருந்தான். நடுவில் திருவேற்காடும் காட்டுப்பாக்கமும், அரை மணி நேர பைக் தூரமும். அந்த அரை மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு மழைக்காலங்கள் ஓடிப்போயின.

வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறது. ஸ்கூல் பையைத் தானே மாட்டிக்கொள்ளட்டும் என்று, தீபிகாவின் தோள் உயரத்துக்கு அளந்து அவன் பற்றவைத்தது. வேலை முடிந்து போனால் அவன் கண் முதலில் அங்கேதான் போகும். காலிக் கொக்கி. பெற்றவனுக்கு அதைவிடத் தண்டனை வேண்டுமா?

முதலில் குழந்தை தினம் போன் செய்தாள். "நைனா, நீ எப்போ வருவே? என்னக் கூட்டிகினு போ நைனா" என்று ஆரம்பிப்பாள். இந்தப் பக்கம் அவன் பேச்சை மாற்றிப் பார்ப்பான். அந்தப் பக்கம் அவள் சாப்பிடாமல் அழுதபடியே தூங்கிப்போவாள். பொறுக்க முடியாமல் சித்ரா ஒரு சட்டம் போட்டாள். படிப்பில் சந்தேகம் இருந்தால் மட்டும் போன். சந்தேகம் தீர்ந்ததும் வைத்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து தீபிகாவுக்குக் கணக்கில் சந்தேகம் வராத நாளே இல்லை.

தேவராஜ் சளைத்தவனா? இரும்பு வேலையில் கணக்கில்லாமல் எது நடக்கும்? கூட்டல், பெருக்கல், சுற்றளவு என்று அவள் கேட்டதையெல்லாம் கேட்டையும் ஜன்னலையும் வைத்தே சொல்லிக்கொடுத்தான். ஒரு நாள் அவள் கேட்டாள்.

"நைனா, கலப்பு பின்னத்தைத் தகா பின்னமா மாத்தணுமாம்."

"அது இன்னா கண்ணு, தகாது, தேறாதுன்னு? தமிழ்ல சொல்லு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "இது தமிழ்தான் நைனா! ஒரு முழு எண்ணு இருக்கும், பக்கத்துலயே ஒரு பின்னம் இருக்கும். ரெண்டையும் சேத்து ஒரே பின்னமா எழுதணும். மொதல் கணக்கு, ரெண்டு முழுசு, எட்டுல மூணு."

தேவராஜ் தொடையைத் தட்டினான். "அட, இது நம்ம நூல் கணக்கு! ஒரு இஞ்சிக்கு எட்டு நூலு. ரெண்டு இஞ்சி மூணு நூலு கம்பின்னா மொத்தம் எத்தினி நூலு? ரெண்டெட்டு பதினாறு, கூட மூணு. பத்தொம்போது."

"பத்தொம்பது பை எட்டு! கரெக்ட்டு நைனா!"

பைப் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தவன் ஒரு முழம் வளர்ந்துவிட்டான். உள்ளே திரும்பி முதலாளியைப் பார்த்து மீசையை முறுக்கினான்.

"அடுத்தது, மூணு முழுசு, அஞ்சுல ரெண்டு."

"மூவெட்டு இருபத்தி நாலு, கூட ரெண்டு. இருபத்தாறு."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நைனா, கீழ அஞ்சு போட்டிருக்கே" என்றாள்.

"அது பாட்டுக்குக் கீழ இருக்கட்டும். இஞ்சின்னா எட்டுதாம்மா. நான் எத்தினி வருசமா அளக்கறேன்! எல்லாத்துக்கும் எட்டால பெருக்கு, மேல இருக்கறதக் கூட்டு. அவ்ளோதான் கணக்கு."

அந்தப் பக்கம் ஒரு மௌனம்.

"சரி நைனா. இன்னும் நெறைய கணக்கு கீது. நாளைக்கும் கேக்கறேன்."

அந்த மௌனம் எதற்கு என்று தேவராஜ் யோசிக்கவில்லை. நாளைக்கும் கேட்கிறேன் என்றாள் அல்லவா? அது போதாதா அவனுக்கு? அந்த வாரம் முழுக்க அவன் எட்டால் பெருக்கினான். கீழே நான்கு இருந்தாலும் எட்டு, ஏழு இருந்தாலும் எட்டு. அவளும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள். நடுநடுவே பள்ளிக்கூடத்துக் கதை, மாமன் வீட்டுப் பூனை கதை, எல்லாம் கணக்கின் தோளில் ஏறிக்கொண்டு வந்தன.

பிறகு பரீட்சை வந்தது.

போன் மணி அடித்தபோது தேவராஜ் வழக்கம்போல, "சொல்லு கண்ணு, இன்னா கணக்கு?" என்றான்.

"கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. நான்தான்."

சித்ரா! அவள் குரலைக் கேட்டதும் ஒரு நொடி அவனுக்குள் என்னவோ பொங்கியது. அடுத்த நொடியே அணைந்தது.

"புள்ளை பின்னக் கணக்கு மொத்தமும் தப்பு பண்ணி வெச்சிருக்கா. ஒண்ணுக்குக்கூட மார்க் இல்ல. எது குடுத்தாலும் எட்டால பெருக்கியிருக்கா. யாரும்மா இப்டி சொல்லிக்குடுத்ததுன்னு கிளாஸ் மிஸ்ஸு கேட்டா, வாயே தொறக்க மாட்டேங்கறா. எனக்குத் தெரியாதா? உன் வேலைதானே?"

"சித்ரா, நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லது பண்ணது போதும்யா. நாளையிலருந்து ஏழு மணிக்கு அவளுக்கு ட்யூஷன். இனிமே போன் வராது."

வைத்துவிட்டாள்.

அவள் சொன்னபடியே போன் வரவில்லை. ஏழு மணி மட்டும் தவறாமல் வந்தது. பழக்க தோஷத்தில் தேவராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தான். எதிர் டீக்கடையில் விளக்குப் போட்டார்கள். ஸ்கூல் வேன்கள் போய், கம்பெனி வேன்கள் வந்தன. தெருவில் யாருடைய குழந்தையோ யாரையோ "நைனா" என்று கூப்பிட்டது. அவன் சட்டென்று திரும்பினான். திரும்பிவிட்டு, குனிந்து மடியில் இருந்த போனைப் பார்த்தான். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கையால் கண்ணைத் துடைத்தான். அழுகையா? இரும்படிக்கிறவன் அழுவானா? தேவராஜ் அழுதான். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டான். அன்று பட்டறையில் வெல்டிங்கே நடக்கவில்லை. கோவிந்தராஜுக்கு அது தெரியும். ஆனால் அவர் கேலிகூடச் செய்யவில்லை.

அவனுக்கு ஒன்றுதான் புரியவில்லை. தன் கணக்கில் எங்கே தப்பு? அந்தக் கணக்கில் செய்த கேட்டு ஒன்றுகூடக் கோணியதில்லையே?

ஒரு வாரம் போயிருக்கும். திருவேற்காட்டில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஜன்னல் கிரில் செய்ய ஆர்டர் வந்தது. இன்ஜினியர் கொடுத்த அளவெல்லாம் சென்டிமீட்டரில் இருந்தது.

"இன்னா அண்ணாத்தே இது, பன்னெண்டு சென்டிமீட்டரு, அதுக்கு மேல மூணு கோடுன்றான். பன்னெண்டெட்டு தொண்ணூத்தாறு, கூட மூணு. தொண்ணூத்தி ஒம்போது கோடா?"

கோவிந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "இஞ்சிக்குத்தான்டா எட்டு. சென்டிமீட்டருக்கு பத்து கோடு. டேப்பைத் திருப்பிப் பாரு."

தேவராஜ் இடுப்பில் இருந்த அளவு டேப்பை இழுத்தான். வருஷக்கணக்காக அவனோடு இருக்கும் டேப். இஞ்சி இருக்கும் ஓரத்தில் எழுத்தெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. மற்ற ஓரம் அவன் கட்டைவிரலுக்கு அடியிலேயே கிடந்து, நேற்று வாங்கியதுபோல் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்த ஓரத்தை அவன் அன்றுதான் பார்த்தான். ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போகப் பத்துக் கோடு.

ஒரே டேப். இந்தப் பக்கம் ஒரு முழுசு எட்டாகிறது. அந்தப் பக்கம் ஒரு முழுசு பத்தாகிறது.

'நைனா, கீழ அஞ்சு போட்டிருக்கே.'

அந்தக் குரல் காதில் வந்து அறைந்தது. கீழே ஐந்து போட்டால், ஒரு முழுசை ஐந்தாக உடை என்று அர்த்தம். ஏழு போட்டால் ஏழாக. எட்டு என்று யார் சொன்னது? அவன் டேப்தான் சொன்னது. அதுவும் ஒரு ஓரம்தான் சொன்னது. குழந்தை கேட்டாளே! கேட்டவளிடம், 'அது பாட்டுக்குக் கீழ இருக்கட்டும்' என்றானே!

"அண்ணாத்தே, நான் போய்ட்டு வரேன்."

"எங்கடா? கிரில் வேலை கீது!"

"புள்ளைக்குத் தப்பா சொல்லிட்டேன். மாத்தி சொல்லணும்."

"போன்ல சொல்லேன்டா."

"போன்ல முடியாது. கண்ணால பாத்து சொல்லணும்."

பைக் அயனம்பாக்கத்தைத் தாண்டியது. திருவேற்காட்டைத் தாண்டியது. காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டிகள் நெருக்கியடித்து நிற்க, ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே சந்து கண்டுபிடித்து நுழைந்தான். இரண்டு மழைக்காலமாகத் தாண்ட முடியாத தூரத்தை ஒரு கணக்கு தாண்டவைத்துவிட்டது.

மாங்காட்டில் லட்சுமணன் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து இறங்கியதும் கால் நின்றுவிட்டது. அந்த கேட்டு அவன் கையால் செய்ததுதான். கிரகப்பிரவேசத்துக்கு, அக்கா புருஷன் என்ற முறையில் சீராகச் செய்துகொடுத்தது. அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் நகரும், எங்கே தூக்கித் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவன் விரலுக்குத் தெரியும். ஆனாலும் விரல் நகரவில்லை.

"வா மாமா!" லட்சுமணன்தான் ஓடிவந்து திறந்தான். "இன்னா வெளிய நின்னுகினு? நீ செஞ்ச கேட்டு உன்னக் கடிச்சிடுமா?"

சத்தம் கேட்டு சித்ரா வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரை ஒன்று தெரிந்தது. அது அவன் பார்க்காத நரை.

"இன்னாத்துக்கு வந்தே?" என்றாள்.

"கணக்கு சொல்ல வந்தேன். தப்பா சொல்லிட்டேன். அத சரிபண்ணிட்டுப் போய்டறேன்."

"நைனா!"

மாடிப்படியில் இருந்து தீபிகா இறங்கி ஓடிவந்தாள். கைப்பிடி இல்லாத படி. சுவரை ஒட்டி ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இடுப்பா? இல்லை. தலை அவன் மார்புக்கு வந்தது. குழந்தை இல்லாத வீட்டில் கொக்கி அதே உயரத்தில் நிற்கிறது. குழந்தை வளர்ந்துவிட்டாள்.

அவன் தரையில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் இருந்து, இரும்பில் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்து சிமென்ட் தரையில் மூன்று நீளக் கம்பி வரைந்தான். பக்கத்தில் இரண்டு சின்னத் துண்டு வரைந்தான்.

"கண்ணு, நைனா சொன்னது தப்பு. எட்டு இல்ல. கீழ இன்னா நம்பர் கீதோ..."

"எனக்குத் தெரியும் நைனா," என்றாள் தீபிகா. "மூணு இன்ட்டு அஞ்சு பதினஞ்சு, கூட ரெண்டு. பதினேழு பை அஞ்சு. நீ சொன்ன அன்னிக்கே மிஸ்ஸு கிளாஸ்ல சொல்லிக்குடுத்துட்டாங்க."

தேவராஜ் சாக்குக்கட்டியோடு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

சித்ராவுக்குத்தான் கோபம் வந்தது. "தெரிஞ்சிகினே ஏன்டி பரீட்சையில தப்பா எழுதினே? சொல்லுடி!"

குழந்தை அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா எழுதிட்டா, அதான் கணக்கு வந்துட்ச்சே, இன்னாத்துக்கு நைனாவுக்குப் போனுன்னு நீ கேப்பியேம்மா..."

லட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நன்றாக இருந்த கேட்டுத் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். சித்ரா மாடிப்படியின் இரண்டாம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற இரண்டு பேரும் வீம்பு பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு பிஞ்சு தன் மார்க்கையெல்லாம் கொடுத்து அப்பாவை வாங்கப் பார்த்திருக்கிறது! வாங்கவும் முடியவில்லை. உள்ளதும் போனது.

தேவராஜ் தரையில் வரைந்ததையே பார்த்தான். வந்த வேலையையாவது முடிக்கலாம் என்பதுபோல, மூன்று கம்பியின் குறுக்கேயும் கோடு போட ஆரம்பித்தான்.

"இந்த மூணும் முழுசாவே வெறைச்சிகினு நின்னா, இந்த ரெண்டு துண்டோட சேரவே சேராது. அஞ்சஞ்சா ஒடையணும். ஒடைஞ்சாத்தான்..."

சாக்குக்கட்டி விரலுக்குள் நொறுங்கியது.

"கணக்குல மட்டும் ஒடையத் தெரியுதாய்யா ஒனக்கு?" என்றாள் சித்ரா. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. "போனைப் புடுங்கினவ நான். அது என் தப்பு. ஆனா நீ எங்களக் கூப்பிட ஒரு நாள் வந்தியாய்யா?"

அவன் அவளுக்குப் பின்னால் தெரிந்த படிக்கட்டைப் பார்த்தான். கிரகப்பிரவேசத்துக்கு கேட்டு மட்டும்தான் செய்து முடிந்தது. படிக்குக் கைப்பிடி அடுத்த மாசம் செய்கிறேன் என்றிருந்தான். அடுத்த மாசம் மழை வந்தது. சண்டை வந்தது. குழந்தை இத்தனை நாளும் சுவரைத் தடவிக்கொண்டு ஏறி இறங்குகிறாள்.

"இந்தப் படிக்கு இன்னும் கைப்பிடி வெக்கலியா?"

"நாலு ஆளைக் கூட்டிகினு வந்தேன் மாமா," என்றான் லட்சுமணன். "அக்கா உடல. செய்ய வேண்டிய ஆளு வந்து செய்வாருன்னு எல்லாரையும் தொரத்திட்ச்சி."

"நீ வாய மூட்றா!" என்று சித்ரா சீறினாள். முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

தேவராஜ் எழுந்தான். இடுப்பில் இருந்த டேப்பை எடுத்தான். ஏறவே மாட்டேன் என்று சபதம் போட்ட அந்தப் படியில் காலை வைத்தான். ஒரு படி. இன்னொரு படி. சித்ராவின் பக்கத்தில் வந்து, டேப்பின் நுனியை அவளிடம் நீட்டினான்.

"மேல் படியில வெச்சிப் புடி. அளவு எடுக்கணும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு நுனியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவன் கீழே இறங்கினான். நடுவில் டேப் விறைத்து நின்றது.

"பதினொண்ணே கால் அடி," என்றான்.

"நாப்பத்தஞ்சு கால்!" என்று கத்தினாள் தீபிகா. "பதினொண்ண நாலு நாலா ஒடைச்சா நாப்பத்தி நாலு. கூட ஒண்ணு!"

லட்சுமணன் கை தட்டினான். "மாமா, மாடியில டீ போடச் சொல்லட்டா? கீழயா?"

தேவராஜ் மேலே பார்த்தான்.

"மாடியிலயே போடச் சொல்லு," என்றான்.

அளவு எடுத்தாகிவிட்டது. டேப்பைச் சுருட்டிக்கொள்ளலாம். ஆனால் மேலே சித்ரா நுனியை விடவில்லை. கீழே அவனும் இழுக்கவில்லை.